அக்காவின் கட்டார்ப் பணமும் லயத்துக் குடும்பமும்

ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழும் ஒரு வாசகி கேட்கிறார்: "என் அக்கா கட்டாரில் வீட்டுவேலை செய்கிறார். வங்கி மூலம் பணம் அனுப்பினால் நாடு வளரும் என்கிறார்கள்; வங்கியைத் தவிர்த்து முகவர் வழியாக உண்டியலில் அனுப்பினாலோ கைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. எதைச் செய்வது? இத்தனை பேர் வெளிநாடு போயும் எங்கள் லயத்தில் ஏன் பெரிய மாற்றமில்லை?"

வங்கியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். நாட்டுக்காக என்பதைவிட அக்காவுக்காகவே அதைச் சொல்கிறேன். உண்டியலில் அவர் கொடுக்கும் ரியால் இலங்கைக்கு வருவதேயில்லை. இங்குள்ள யாரோ ஒருவரின் ரூபாய் உங்களிடம் வந்து சேர்கிறது. அப்படி வைப்பிலிட்டவர் பின்னர் பணச்சலவை விசாரணையில் சிக்கினால், உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். வங்கி வழியே வந்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. நாளை கடன் கேட்கவும், அது அக்காவின் உழைப்பென்று நிறுவவும் அதுவே சான்று.

நாட்டைப் பற்றிச் சொல்வதும் பொய்யில்லை. 2021 இன் பிற்பகுதியில் டொலரின் விலை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தபோது, உண்டியற்காரர்கள் அதைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்தனர். விளைவாக, 2020 இல் 700 கோடி டொலரைத் தாண்டியிருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022 இல் 400 கோடிக்கும் கீழே இறங்கியது. இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 இல் அது மீண்டும் 650 கோடியைத் தாண்டியது. அவ்வாண்டு தேயிலை ஏற்றுமதி ஈட்டியது ஏறத்தாழ 140 கோடி. (அந்தப் பணத்தை வங்கிக்குத் திருப்பியதில் தேசப்பற்று உபதேசங்களைவிட நியாயமான மாற்று விகிதத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.)

உலக மக்களின் வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்டதை அவர்கள் வாழும் நாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச் கணித்துக் காட்டினார். கட்டாரில் 2021 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம், வீட்டுப் பணியாளர் உட்பட, 1,000 ரியால்; உணவும் தங்குமிடமும் வேறு. நம் பணத்தில் அது 80,000 ரூபாயளவு. தோட்டத்தில் 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி, மாதம் 20 நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) கிடைத்தாலும் அப்போது 27,000 ரூபாய்தான் வந்தது. கையும் உழைப்பும் அதேதான், நாடு மட்டும் மாறியிருக்கிறது. இவ்வகையில் புலம்பெயர்வு நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைச் சற்றுக் குறைக்கிறது. ஆனால் உள்நாட்டில் அதைக் கூட்டவும் கூடும், ஏனெனில் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் படிப்பும் வசதியும் உள்ள குடும்பங்கள் வேறு, வட்டிக்குக் கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போகும் குடும்பங்கள் வேறு.

இனி உங்கள் லயத்தைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நேரடியாகச் சேர்வதில்லை. இங்கே அது எதற்குச் செலவாகிறது என்பதைப் பொறுத்தே வளர்ச்சி அமையும். மற்ற ஊர்களில் இப்பணம் பெரும்பாலும் வீடாகவும் காணியாகவும் கடையாகவும் மாறுகிறது. தோட்ட நிலமோ 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கிறது. காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாத நிலத்தில் இரண்டாவது அறையைக் கட்ட யாருக்குத் துணிவு வரும்? எனவே பணம் நகரத்துக் கடைகளுக்கும் நகைக்கும் போய்விடுகிறது. குடும்பங்களின் ஊதாரித்தனமே காரணம் என்போரை நான் ஏற்கமாட்டேன். பணத்தை ஊன்ற இடமில்லாததே முதற்குறை. அதே வேளையில், ஒரு பிள்ளையை உயர்தரம் வரை படிக்கவைத்த பணம் எந்தக் காணியைவிடவும் பலன் தரும். தாய் இல்லாத வீட்டில் அப்பிள்ளை இடைவிலகினால், வந்த பணத்தில் பெரும்பகுதி வராததற்குச் சமம்.

அக்கா போவதற்கு வாங்கிய வட்டிக் கடன் மீதமிருந்தால் அதையே முதலில் அடைத்துவிடுங்கள். எந்த நிலையான வைப்பும் அந்த வட்டியளவு ஈட்டித் தராது. பின்னர் அவருடைய பெயரிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, சேமிப்பை அதிலும் மாதச் செலவுக்கானதை மட்டும் உங்கள் கணக்கிலும் இடச் சொல்லுங்கள். 2022 இல் போல ரூபாய் சரிந்தாலும் அந்தச் சேமிப்பின் மதிப்பு குறையாது. வெளியே காணி வாங்குவதாயின், காணிப் பதிவகத்தில் உறுதியைச் சரிபார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்து அவர் வரும்போது, பராமரிப்பாளர் பயிற்சியில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற முடியுமா என்று விசாரியுங்கள். மீண்டும் போவதானால், கூடுதல் சம்பளம் கேட்க அது உதவும்.