நடத்தை, மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான விடுதியில் கொடுமை நடப்பதாகப் புகார். அமெரிக்காவில் அதன் வாசலில் போராட்டம் நடத்த என்ன செய்ய வேண்டும்?

பதாகை எழுதுவதற்கு முன் புகார் எழுதுங்கள். அரசு இன்ஸ்பெக்டர் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும், போராட்டம் அதற்குத் தரும் நெருக்கடி மட்டுமே. புகார் எண் கையில் இல்லாமல் வாசலில் நின்றால், "யாரும் எங்களிடம் புகார் தரவில்லையே" என்று அதிகாரிகள் கைகழுவிவிடுவார்கள்.

புகார் குறைந்தது மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: மாநிலக் குழந்தைப் பாதுகாப்பு ஹாட்லைன், விடுதிக்கு லைசென்ஸ் தரும் துறை, மாநிலத்தின் மாற்றுத்திறனாளி உரிமைப் பாதுகாப்பு அமைப்பு. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனநலச் சிக்கல் உள்ளவர்கள் தங்கும் இடங்களுக்குள் நுழைந்து விசாரிக்க, 1986 முதல் கூட்டாட்சிச் சட்டமே அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. எந்த எண்ணை அழைப்பது என்று தெரியாவிட்டால் சைல்ட்ஹெல்ப் என்ற குழந்தைக் கொடுமை உதவி எண் (1-800-422-4453) வழிகாட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் நேராக அவசர உதவி எண் 911.

"பிள்ளைகளை அடிக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அந்தக் காகிதம் நகராது. இப்படி எழுதுங்கள்: "14ஆம் தேதி இரவு 9 மணி வாக்கில், பெண்கள் பிரிவு வராந்தாவில், இரண்டு பணியாளர்கள் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். இடது முழங்கையில் சிராய்ப்பு. எதிர்ச்சுவரில் கேமரா இருக்கிறது." கடைசி வரிதான் உயிர். பழைய கேமராப் பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறி அழிந்துவிடும், அதனால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே வக்கீல் மூலம் கடிதம் அனுப்புங்கள். 2020இல் மிச்சிகனின் கலமசூ நகர விடுதி ஒன்றில் ரொட்டியை வீசிய 16 வயதுப் பையனைப் பணியாளர்கள் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்தார்கள். இரண்டு நாளில் அவன் இறந்துபோனான். நடந்ததை நாடே பார்த்தது, உணவுக்கூடக் கேமராப் பதிவு வெளியே வந்ததால்தான்.

அடுத்து, பொது ஆவணச் சட்டத்தின் கீழ் மூன்று ஆண்டு இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகளையும், அந்த முகவரிக்குப் போலீஸ் போன அழைப்புப் பட்டியலையும் கேளுங்கள். பதாகை வாசகங்களை அதிலிருந்தே எடுங்கள். நிரூபணமாகாததை "குற்றச்சாட்டு" என்றே எழுத வேண்டும். விடுதி அவதூறு வழக்கு போட்டால் உங்கள் கூட்டத்தின் பணமும் தெம்பும் அதிலேயே கரைந்துவிடும்.

நிற்கும் இடம்: பொது நடைபாதையும் சாலையோரமும் உங்களுடையவை. வண்டி நுழையும் பாதையும் பார்க்கிங்கும் விடுதியுடையவை. இந்த விடுதிகள் பலவும் ஊருக்கு வெளியே, நடைபாதையே இல்லாத சாலைகளில் இருக்கும். எது யார் நிலம் என்பதில்தான் தகராறு வரும். கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) நில வரைபடத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள், கவுண்டிப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறு கூட்டம் ஓரமாக நிற்பதற்குப் பெரும்பாலும் அனுமதி தேவையில்லை. ஒலிபெருக்கிக்கும் சாலையை மறித்த ஊர்வலத்துக்கும் பல ஊர்களில் தேவை. நுழைவாயிலை ஒருபோதும் அடைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கலாம். நிர்வாகியின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டாம். ஒரே வீட்டைக் குறிவைக்கும் மறியலை உள்ளாட்சி அமைப்புகள் தடை செய்யலாம் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி சொல்வதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நீங்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், பிள்ளைகள் உள்ளேயே இருப்பார்கள். பல விடுதிகளில் நடத்தைக்குப் புள்ளி, புள்ளிக்கு ஏற்பப் படிநிலை, படிநிலைக்கு ஏற்பச் சலுகை என்று ஒரு முறை உண்டு. ஜன்னலில் நின்று கையசைத்தாலே ஒரு படி இறக்கி, வீட்டுக்குப் பேசும் போனை நிறுத்திவிட முடியும். அதனால் எந்தப் பிள்ளையின் பெயரையும் கத்தாதீர்கள், ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், இருட்டிய பிறகு சத்தம் வேண்டாம். ஒரே ஒரு பதாகை மட்டும் உள்நோக்கி இருக்கட்டும்: "உங்களை நம்புகிறோம்" என்ற வரியும், கீழே ஹாட்லைன் எண்ணும் பெரிய எழுத்தில்.

யாராவது தப்பி ஓடிவந்தால் காரில் ஏற்றாதீர்கள், உங்கள் மேலேயே வழக்கு பாயலாம். 911ஐ அழைத்து, போலீஸ் வரும்வரை கூடவே நின்று, திருப்பி அனுப்புவதற்கு முன் குழந்தைப் பாதுகாப்புத் துறையிடம் பேச வைக்கும்படி வலியுறுத்துங்கள்.

ஷிப்ட் மாறும்போது வெளியே வரும் பணியாளர்களைத் திட்டாதீர்கள். நாளைக்குச் சாட்சி சொல்லப்போவது அவர்களில் ஒருவராகவே இருக்கலாம். புகார் எண் அச்சிட்ட துண்டுச்சீட்டைக் கொடுங்கள்.

வாசலில் ஒரு நாள் நின்றால், பணம் தருபவர்கள் முன்னால் இரண்டு நாள் நில்லுங்கள். பிள்ளைகளை அனுப்பும் பள்ளி மாவட்டங்கள், மெடிகெய்டை (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நடத்தும் மாநிலத் துறை, லைசென்ஸ் அலுவலகம். 2020 அக்டோபரில் தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டனும் நூற்றுக்கணக்கானோரும் யூட்டாவின் ப்ரோவோ நகரில் திரண்டார்கள். தான் சிறுமியாக இருந்த விடுதியில் கொடுமை நடந்தது என்பது அவர் புகார். விடுதி தங்கள் கைக்கு வருமுன் நடந்ததைப் பற்றிப் பேச முடியாது என்றது நிர்வாகம். மாற்றம் வந்தது சட்டமன்றத்தில்: அவர் சாட்சியம் சொன்ன பிறகு, 2021இல் ஆண்டுக்கு நான்கு இன்ஸ்பெக்ஷன், வாரம் ஒருமுறை குடும்பத்தோடு ரகசியமாகப் பேசும் உரிமை என்று மாநிலச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் முக்கியமாக ஆய்வுக்குத்தான் வழிசெய்கிறது, விடுதிகளுக்கு நாடு முழுக்க ஒரே விதியை அது வைக்கவில்லை. ஆகவே உங்கள் மாநில விதி என்ன என்பதே கேள்வி.

கோரிக்கையில் "மூடு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விடுதி திடீரென மூடினால், அதே நிறுவனத்தின் இன்னொரு விடுதிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட முடியும். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள், எத்தனை நாளில் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.