சிகரெட்டை விட்டது இருக்கட்டும், அந்த நெஞ்சு இறுக்கம் எத்தனை நாளாக?

கேள்வி: எனக்கு 47 வயது. 25 வருடங்களாகத் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தேன். மூன்று வாரங்களுக்கு முன்பு நிறுத்தினேன். அந்த நினைப்பு வராமல் இருக்கக் காலையில் ஓட ஆரம்பித்தேன். விட்ட பிறகுதான் இருமல் அதிகமாகியிருக்கிறது. மூன்று கிலோ எடை கூடிவிட்டது, சரியான தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். ஓடும்போதும் மாடிப்படி ஏறும்போதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்கிறேன். பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது, மாரடைப்பு வரும் என்று இணையத்தில் படித்தேன். தினமும் இரண்டு சிகரெட் மட்டும் பிடித்துக்கொண்டு உடற்பயிற்சியைத் தொடரலாமா? எத்தனை கிலோமீட்டர் ஓடினால் சிகரெட் நினைப்பு அடியோடு போகும்?

பதில்: நாளைக் காலை ஓடாதீர்கள். ஓடப் போகிற நேரத்தில் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு தொல்லைகள் இருக்கின்றன. என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றுதான்: உழைத்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது. ஓடும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால் அந்தத் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாது, நெஞ்சு இறுக்கும். நின்றதும் தேவை குறைகிறது, இறுக்கமும் போகிறது. இதை ஆஞ்ஜைனா என்போம். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் முடிவுகட்ட முடியாது. ஆனால் 25 வருடம் புகைத்த 47 வயதுக்காரருக்கு, அது இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்யும்வரை, அது இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன். அதிலும் சில வாரங்களுக்குள் புதிதாகத் தொடங்கியது என்றால் இன்னும் அவசரம்.

வாயு மாத்திரை கேட்கிறது என்று நினைக்கிறீர்கள். மாத்திரை போடுவதற்காக நீங்கள் நின்றீர்களே, அதனால் சரியாகியிருக்கும். வயிற்று அமிலம் மேலே வந்தாலும் நெஞ்சு எரியலாம், உண்மைதான். ஆனால் அந்த முடிவுக்கு இதயத்தைப் பார்த்த பிறகுதான் வர வேண்டும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு வாரக்கணக்கில் ஓட்டிவிட்டு, கடைசியில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீங்கள் சேர வேண்டாம்.

மருத்துவரிடம் போய் ‘கேஸ் பிரச்சினை’ என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: எத்தனை படி ஏறினால் வருகிறது, எத்தனை நிமிடம் நின்றால் போகிறது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா. இன்னொன்று, சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. குழாயில் அடைப்பு இருந்தும் அது இயல்பாகவே தெரியலாம். ட்ரெட்மில் டெஸ்ட்டோ, இதய ரத்தக் குழாய்க்கான சிடி ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள். ‘பார்த்துவிடுவோமே’ என்று நீங்களாகப் படியேறிச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

அதற்குள் இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். புகையை விட்டதால் இது வந்ததா? இல்லை. சிகரெட் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது, ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது, ரத்தத்தைச் சுலபமாக உறைய வைக்கிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு, ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விட்ட ஓரிரு நாட்களில் அது வெளியேறிவிடும். ஓராண்டு தொடாமல் இருந்தால், புகையால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பு வரும் என்று எழுதியவர் யாரோ, அவரை நம்பி எத்தனை பேர் மறுபடி பற்ற வைத்தார்களோ என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இதயத்தில் கோளாறு இருந்தால் அது முன்பே உள்ளே இருந்திருக்கும். மூச்சு வாங்குகிற வேலையே செய்யாதவரை தெரியாமல் இருந்தது, ஓடியபோது வெளியே வந்தது.

இரண்டு சிகரெட் மட்டும் என்ற யோசனையும் வேண்டாம். 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு எவ்வளவு கூடுதல் இதய ஆபத்து இருக்கிறதோ, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் அதில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்கிறது அது. இருபதை இரண்டாக்கினால் ஆபத்து பத்தில் ஒரு பங்காகிவிடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். இருமல், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது. புகையால் செயலிழந்திருந்த நுண்ணிய இழைகள் மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளுகின்றன, சில வாரங்களில் அடங்கும். சளியில் ரத்தம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டுங்கள். விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ கூடுவது வழக்கம், அதற்காகச் சிகரெட்டுக்குத் திரும்புவது பெரிய நஷ்டம். எரிச்சல் முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும், ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தூக்கத்துக்குக் காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். புகைப்பவர் உடம்பு காபியின் கஃபீனை வேகமாக வெளியேற்றும். விட்டதும் அந்த வேகம் குறைகிறது, அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாகத் தங்குகிறது. பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இனி உடற்பயிற்சி. புகைக்க வேண்டும் என்ற தவிப்பு ஓர் அலை மாதிரி எழும்பிச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் வேகமாக நடந்தால் தவிப்பு குறைகிறது, நடந்து முடித்த பிறகும் சிறிது நேரம் அந்தப் பலன் நிற்கிறது. இது பல பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆனால் நீங்கள் காலையில் ஓடிவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் தவிப்பு வந்தால் அதை வெறும் கையோடு சந்திக்கிறீர்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, நடையை அந்த ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 24 ஆய்வுகளை, 7,000 பேருக்கு மேல் கலந்துகொண்டவற்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் அலசியது. வழக்கமான உதவியோடு உடற்பயிற்சியைச் சேர்த்ததால் நீண்ட நாளைக்கு விட்டவர்கள் அதிகமானார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், தவிப்பைக் குறைக்கும் வரெனிக்லின் மாத்திரை, கூடவே ஆலோசனை, இவைதான் நிரூபிக்கப்பட்ட உதவிகள். எது உங்களுக்கு என்பதை இதயப் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் சொல்லட்டும். நண்பர் ஒரு மாத்திரை சாப்பிட்டுச் சிகரெட்டை விட்டார் என்று அதையே வாங்கிப் போடாதீர்கள். புகையை விடத் தரப்படும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியான், வலிப்பு வந்தவர்களுக்கு ஆகவே ஆகாது. சூயிங்கம் கொடுத்தால் சாதாரண கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இல்லை. ரிப்போர்ட் வந்த பிறகு மருத்துவர் அளவு சொல்வார். ஆஞ்ஜைனா என்றே வந்தாலும் உடற்பயிற்சி கைவிட்டுப் போகாது, அவர்களுக்கும் கண்காணிப்போடு நடைப்பயிற்சி கொடுக்கிறோம். அதுவரை தவிப்பு வந்தால் உட்கார்ந்த இடத்தில் மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்து பேசுங்கள், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். மூன்று வாரம் தாண்டியிருக்கிறீர்கள், மிகக் கடினமான நாட்கள் போய்விட்டன. நாளை அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கே போங்கள்.