சிறுசேரியில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி: வீடு எங்கே பார்ப்பது?

கோவையிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள், வேலை சிறுசேரியில், மூத்த பெண் எட்டாவது, சின்னவன் மூன்றாவது. சோழிங்கநல்லூரா, மேடவாக்கமா, குரோம்பேட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பள்ளியில் இடம் உறுதியாகட்டும், அப்புறம் வீடு பாருங்கள். எட்டாவதில் புதிதாகச் சேர்ப்பதுதான் சிரமம், சின்னவனைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

என் ஓட்டு மேடவாக்கத்துக்கு. தாம்பரம் பக்கத்துப் பள்ளிகளும் எட்டும், ஆபீசும் எட்டும். குரோம்பேட்டையில் மின்சார ரயில் உண்டு, ஆனால் அது சிறுசேரிப் பக்கம் போகாது. சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு அருகில்தான். ஆனால் அங்கே மெட்ரோ ரயில் வேலை முடிகிறவரை பள்ளி வேன் ஊர்ந்துதான் போகும்.

வீட்டு ஓனர் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்றுதான் சொல்வார். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று. காம்பவுண்டு சுவரில் கறை தெரிந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். மே மாதத்தில் போர் தண்ணீரா, லாரியா, லாரிக்காசு மெயின்டனன்ஸில் அடங்குமா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.