கேத்தி ரயில் நிலையத்தில் மிகை நடிப்பா?

கேள்வி: 'மூன்றாம் பிறை' படத்தின் இறுதிக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்த என் மகன், "இது மிகை நடிப்பு, இன்றைய காதல் படங்களில்தான் இயல்பாக நடிக்கிறார்கள்" என்கிறான். நாங்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த காட்சி அது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கண்ணீர் சான்றாகாது, வெங்காயம் உரித்தாலும் கண்ணீர் வரும். உங்கள் மகன் இறுதிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் செல்லாது. சேறும் காயமுமாக, மழையில் நனைந்து, நொண்டிக்கொண்டு நீலகிரியின் கேத்தி ரயில் நிலையத்துக்கு ஓடிவரும் ஒருவன், குரங்காட்டியிடம் பழகிய குரங்கைப்போல் குதித்துக் குட்டிக்கரணம் போடுவதை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால், யாருக்கும் அது மிகையாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் குரங்காட்டம் அங்கே பிறந்ததல்ல. விபத்தில் நினைவிழந்து குழந்தை மனத்தோடு இருக்கும் விஜியைச் சிரிக்கவைக்க, பள்ளி ஆசிரியர் சீனு வீட்டில் ஆடிக்காட்டிய விளையாட்டு அது. சிகிச்சையில் பழைய நினைவு திரும்பி, சீனுவோடு வாழ்ந்த நாள்கள் மட்டும் அழிந்துபோன பெண்ணிடம், தான் யாரென்று சொல்ல அவனுக்கு வேறு எந்த அடையாளமும் மிச்சமில்லை. அவள் சிரித்த ஒன்றையே திரும்பச் செய்துகாட்டுகிறான். அந்த நிலையில் உள்ளவன் கம்பத்தில் சாய்ந்து நின்று, கண்ணோரத்து நீரை விரலால் துடைத்துக்கொண்டு, அடங்கிய குரலில் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதுதான் செயற்கையாக இருந்திருக்கும். முணுமுணுத்துப் பேசுவதும் சன்னல் வழியே வெறித்துப் பார்ப்பதும்தான் இயல்பு என்று இன்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. அழுது புரள்வது அந்தக் காலத்து வாய்பாடாக இருந்தது. பாத்திரம் அந்த இடத்தில் என்ன செய்யும் என்று கேட்காத வரை இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் வீட்டு வழக்கில் இருவருமே சீனுவாக நடித்த கமலைப் பற்றி மட்டும் வாதாடுகிறீர்கள். 1982-இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது, அது தகும். ஆனால் விஜியாக ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீதேவியின் முகத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். வெளியே கூத்தாடுபவனைப் பிச்சைக்காரன் என்று எண்ணும் சராசரிப் பயணி ஒருத்தியின் முகம் அது: கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் விலகல், அவ்வளவுதான். அதுவரை குழந்தையாகக் கொஞ்சியும் அடம்பிடித்தும் நடித்த அதே பெண், அந்தக் குழந்தையின் சாயல் ஒரு துளியும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். "எங்கோ பார்த்த முகமோ" என்ற ஐயத்தின் நிழல் ஒரு கணம் அந்தக் கண்ணில் படிந்திருந்தால்கூடக் காட்சி கெட்டிருக்கும். நாமும் நம்பிக்கையோடு வீடு திரும்பியிருப்போம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு நடிகை இப்படி எதையும் காட்டாமல் இருந்ததைத்தான் நான் பெரிய நடிப்பு என்பேன். கமலின் துடிப்பு உங்களுக்கு வலித்ததற்குப் பாதிக் காரணம் அந்த வெறுமை.

படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சில்க் ஸ்மிதாவுக்காக நுழைத்த 'பொன்மேனி உருகுதே' பாட்டு, பாலு மகேந்திராவின் படத்தில் வேறு யாரோ ஒட்டிய துண்டுபோல் இருக்கும். கண்ணதாசன் கடைசியாக எழுதிய 'கண்ணே கலைமானே' இடம்பெற்ற அதே படத்தில் இதுவும் இருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மிகை என்று உங்கள் மகன் அதைச் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டுக் காட்டுங்கள். அந்தப் பாட்டு வரும்போது மகன் எழுந்து போனால் தடுக்க வேண்டாம். ரயில் நிலையக் காட்சி வருவதற்குள் திரும்பி வந்துவிட்டால் போதும்.