புயல் போன பிறகு வீடும் வாடகையும்: கேள்வி பதில்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காட்பாடி. சிவில் இன்ஜினியர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் புயலில் சேதமான வீடுகளுக்கு மதிப்பீடு போடும் வேலையைச் சில வருஷம் பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பெரிய புயல் அடித்த நகரத்தில் வீடுகளும் விலையும் என்ன ஆகின்றன என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி அண்ணன் ஒருவர்): கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அமெரிக்கப் புயல் கதை நமக்கு எதற்கு சார்?

பதில்: கரையேறினால் காற்று தளரும், மழை தளராது அண்ணா. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது நாம் எல்லோரும் பார்த்ததுதான். அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா புயல் அடித்தபோது லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் காற்றைவிடத் தண்ணீர்தான் வீடுகளைத் தின்றது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து ஊரில் 80 சதவீதம் முழுகியது.

கேள்வி (காட்பாடியில் படிக்கும் மாணவி): வீடு போனால் ஜனமும் ஊரை விட்டுப் போய்விடுமே. அப்படியானால் வாடகை இறங்கத்தானே வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி அம்மா. நியூ ஆர்லியன்ஸ் மக்கள்தொகை 2000-ல் 4 லட்சத்து 84 ஆயிரம், 2010-ல் 3 லட்சத்து 43 ஆயிரம். அவ்வளவு பேர் போயும் வாடகை இரண்டே வருஷத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஏனென்றால் ஆட்களைவிட வேகமாக வீடுகள் குறைந்தன. சேதமானவை சுமார் 1,34,000 வீடுகள். குடியிருந்த வீடுகளில் பத்துக்கு ஏழு. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய மேட்டுப் பகுதிதான் தப்பித்தது. எல்லோரும் அங்கேயே வீடு தேடினார்கள். கூடவே இடிபாடு அள்ள, கூரை போட, ஒயரிங் செய்ய வெளியூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கம்பெனி வாடகை கட்டுகிறது என்றால் வீட்டுக்காரர் யாருக்கு விடுவார்? வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி இதைப் பார்க்கலாம். வைத்தியத்துக்கு வடக்கேயிருந்து வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதல் பணம் வரும் தெருவில், மாத வாடகைக்குக் குடும்பம் நுழைய முடிவதில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஏழைகள் குடியிருந்த அரசுக் குடியிருப்புகளில் சுமார் 4,500 வீடுகளை இடிக்க நகர மன்றம் 2007 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அந்த இடங்களில் புது வீடு கட்டினார்கள், ஆனால் குறைந்த வாடகை வீடுகள் முன்பு இருந்த அளவுக்கு வரவில்லை. இடித்தவற்றில் பல கட்டடங்கள் பழுது பார்த்தால் நிற்கக்கூடியவை என்பது என் கருத்து. ஊருக்கு வீடு வேண்டிய நேரத்தில் வீட்டை இடித்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கேள்வி (குடியாத்தம் சகோதரர்): அரசாங்கம் நிவாரணம் கொடுத்திருக்குமே? பிறகும் ஏன் பல பேர் திரும்பவில்லை?

பதில்: என்னைக் கேட்டால் புயலில் கற்க வேண்டிய பாடமே இதுதான். எந்தக் கணக்கில் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

கத்ரினாவுக்குப் பிறகு ரோடு ஹோம் என்று ஒரு நிவாரணத் திட்டம். சொந்த வீட்டுக்காரர்களுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுது பார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதிலிருந்து கணக்கு; வந்த இன்சூரன்ஸ் பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு, கொணவட்டத்தில் அதே அளவில் ஒரு வீடு என்று வையுங்கள். இரண்டுக்கும் ரிப்பேர் செலவு 15 லட்சம். காந்தி நகர் வீட்டுக்குச் சந்தை மதிப்பு அதற்கு மேல், 15 லட்சமும் கிடைக்கும். கொணவட்டம் வீட்டின் மதிப்பு 8 லட்சம் என்று எழுதினால் 8 லட்சம்தான். சிமெண்ட் மூட்டை விலையும் கொத்தனார் கூலியும் இரண்டு இடத்திலும் ஒன்றே. மீதி 7 லட்சத்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? நியூ ஆர்லியன்ஸில் விலை குறைந்த பகுதிகளில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கை எதிர்த்து வழக்கு போட்டார்கள், 2011-ல்தான் சமரசம் வந்தது. அதற்குள் ஆறு வருஷம். பல மனைகளில் புல் மண்டிவிட்டது.

அடுத்தது பத்திரம். நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டு போன்ற பகுதிகளில் தாத்தா பெயரிலேயே வீடு இருக்கும். பேரன்கள் குடியிருப்பார்கள், வரியும் கட்டுவார்கள். உரிமை யாருக்கு என்று காகிதம் இல்லாததால் பணம் கைக்கு வரவில்லை. வாரிசுகள் நாலு மாநிலத்தில் சிதறியிருந்தால் கையெழுத்து வாங்கவே வருஷக்கணக்கு ஆகும்.

நம் ஊரில் எத்தனை வீட்டுப் பட்டா இறந்துபோன அப்பா பெயரில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தயவு செய்து இந்த மழைக்காலத்துக்கு முன்பே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினை முடித்து, பட்டாவை மாற்றிவிடுங்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்கும்போதே செய்யுங்கள். மூலப்பத்திரத்தைப் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். தண்ணீர் முதலில் ஏறுவது பீரோவின் கீழ்த் தட்டில்.

கேள்வி (வேலப்பாடி அம்மா): மகன் ஹூஸ்டனில் வீடு வாங்கப் போகிறான். என்ன கேட்கச் சொல்ல வேண்டும்?

பதில்: அங்கே சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது அம்மா. வெள்ளத்துக்குத் தனி பாலிசி. அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், எடுத்துப் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் கிளம்பிய பிறகு எடுத்துப் பயனில்லை. 2017-ல் ஹூஸ்டனை அடித்த ஹார்வி புயலில், வெள்ள அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடத்துக்கு வெளியே இருந்த வீடுகளும் ஏராளமாக முழுகின, அதனால் "இது வெள்ளப் பகுதி இல்லை" என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு தண்ணீர் ஏறியதா என்பதை விற்பவர் எழுதித் தரவேண்டும் என்று, ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தின் சட்டத்தை 2019-ல் இறுக்கினார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் பெரும்பாலும் வீட்டுக் கடனின் மாதத் தவணையோடு சேர்ந்தே போகும். வட்டி மாறாவிட்டாலும் பிரீமியம் ஏறினால் தவணை ஏறும்.

கேள்வி (சைதாப்பேட்டை, வேலூர்): நம் ஊர் பாலிசியில் வெள்ளம் உண்டா?

பதில்: உண்டு. 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் அடக்கம். மனை விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குப் போடுங்கள். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

கேள்வி (ஆம்பூர் தம்பி): வெள்ளத்துக்குப் பிறகு பாலாற்றங்கரையில் மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 1903-ல் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன ஆறு அது.

கேள்வி (கொசப்பேட்டை): ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

பதில்: தூக்கலாம், எல்லா வீட்டையும் அல்ல. 1900 புயலில் அழிந்த டெக்சாஸின் கால்வெஸ்டன் ஊரில் ஆயிரக்கணக்கான கட்டடங்களை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் மணலும் தண்ணீரும் கலந்து பம்ப் செய்து ஊரையே மேடாக்கினார்கள். உங்கள் சுவர் மண் சாந்தில் கட்டியதா, சிமெண்ட் சாந்தா என்று முதலில் ஓரிடத்தில் பூச்சைக் கொத்திப் பாருங்கள். சாவியால் சுரண்டினாலே சாந்து உதிர்ந்தால் தூக்காதீர்கள். அந்தப் பணத்தை வைத்து மேலே கட்டுவதே பாதுகாப்பு. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே உத்தரவு வந்திருக்கிறது. தெருவில் ஜல்லி கொட்டும் நாளில் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு மேஸ்திரி): சிமெண்ட் ஷீட் கூரை காற்றில் பறக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஃபுளோரிடாவில் பறந்த கூரைகளைப் பரிசோதித்தபோது, பல இடங்களில் பலகையை அடித்த பின்கள் அடியிலிருந்த மரச்சட்டத்தில் இறங்கவே இல்லை என்று தெரிந்தது. மேலே பார்த்தால் வரிசையாக இருக்கும், பிடிமானம் இருக்காது. 11 இன்சூரன்ஸ் கம்பெனிகள் திவாலான பிறகு கட்டட விதிகளையே மாற்றினார்கள். உங்களுக்குத் தெரியாததா மேஸ்திரி, நம் ஆட்களும் ஷீட் மேல் செங்கல்லை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். காற்றில் அந்தக் கல்லே ஆளைக் கொல்லும். ஓரத்து ஷீட்டுகளுக்கு ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த போல்ட்) நெருக்கமாகப் போடுங்கள், காற்று முதலில் பிய்ப்பது அங்கேதான். சுவருக்கு வெளியே ஷீட்டை ஒரு அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். சட்டத்தைச் சும்மா சுவர் மேல் உட்கார வைக்காமல், மேல் பெல்ட் கான்கிரீட் போடும்போதே கம்பி விட்டு அதோடு கட்டுங்கள். வீட்டுக்காரர் செலவு என்று முனகினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.