வீட்டில் உள்ள சாதாரணப் பொருள்களை வைத்துப் புகைப்படத்தில் புதிதாக என்ன செய்து பார்க்கலாம்?

புதிய கேமராவோ லென்ஸோ வாங்குவதற்கு முன் ஓர் அறையை நன்றாக இருட்டாக்கிப் பாருங்கள். என் பதிலில் பாதி அதுதான்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளுக்கு வெளிச்சம் குறைவு. கதவும் கனமான தேக்கு. முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில் அப்படி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். இடுக்குகளைத் துணியால் அடைத்துவிட்டு, சாவித் துவாரத்தை மட்டும் திறந்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். பிறகு எதிர்ச்சுவரில் முற்றம் தெரிய ஆரம்பிக்கும், தலைகீழாக. தூண்கள் மேலிருந்து தொங்கும். வற்றல் காயப்போட வரும் ஆச்சி, கால் மேலும் தலை கீழுமாக நடந்து போவார், புடவையின் நிறம் உட்படத் தெரியும். ஒளி நேர்கோட்டில் செல்வதால் உயரத்திலிருந்து வருவது துளையைக் கடந்து கீழே விழுகிறது, தரையிலிருந்து வருவது மேலே போகிறது. பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சுவரில் விழும் படத்தைப் போட்டோ எடுத்து நிமிர்த்திப் பார்த்தால் இடம் வலமாக மாறியிருக்கும். முற்றத்தில் ஒரு காலண்டரை வெயில் படும்படி மாட்டிவையுங்கள், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். அறையின் குறுக்கே மெல்லிய வேட்டியைக் கட்டி, அதன் பின்புறம் நின்று எடுத்தால், நிமிர்த்தியதும் எல்லாம் சரியாகிவிடும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளி உணர்திறனை 1600 அளவில் வைத்து, முப்பது நொடி திறந்துவைப்பதிலிருந்து தொடங்கலாம். துளை சிறிதானால் படம் துல்லியமாகும், வெளிச்சம் குறையும்.

அடுத்தது லென்ஸையே திருப்பி மாட்டுவது. பழைய 50 மி.மீ. லென்ஸை அதற்கான வளையத்தின் உதவியால் முன்பக்கம் கேமராவைப் பார்க்குமாறு பொருத்தினால், அருகிலுள்ள பொருள், கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் கிட்டத்தட்ட அதன் உண்மையான அளவிலேயே விழும். லென்ஸைச் சுற்றி ஃபோகஸ் செய்ய முடியாது. கேமராவை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தில் இரண்டு நிற நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடத்தை இப்படி எடுத்துப் பாருங்கள், நெசவின்மேல் தனி மரியாதை வரும்.

படத்தை நெகட்டிவ் ஆக்குவது, அதாவது வெளிச்சத்தை இருட்டாகவும் நிறங்களை எதிர்நிறமாகவும் மாற்றுவது, இப்போது போனில் ஒரு தொடுதலில் முடிகிற வேலை. அதனால் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலானவை வெறும் வேடிக்கைதான். இன்று எஞ்சியுள்ள நெகட்டிவ்களில் மிகப் பழையது, 1835இல் இங்கிலாந்தில் புகைப்பட முன்னோடி டால்பட் தம் வீட்டு ஜன்னலை எடுத்தது. எனவே உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்தே தொடங்குங்கள். செம்மண் தரையில் போட்ட மாக்கோலமும் நன்றாக வரும்: கோடு கருமையாகும், மண் பச்சை கலந்த நீலமாகும்.

செட்டிநாட்டுக்கு வந்தால் ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறைக்கு அவசியம் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து முதலில் நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன்மேல்தான் மணலும் சிமெண்டும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டு வரும்போது அடியில் இருந்ததுதான் பளபளக்கும் மேல்முகம். அதாவது, தொழிலாளி வேலை செய்யும்போது தம் ஓவியத்தின் முதுகைத்தான் பார்க்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு, நிறம் ஊற்றிய நிலையில் நேர் மேலிருந்து ஒரு படமும், அதே கல் தயாரானபின் ஒரு படமும் எடுங்கள். ஒன்றை இடவலமாகத் திருப்பினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இதற்குக் கையால் வரைந்த கொடி உள்ள கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சமச்சீரான பூவில் வித்தியாசம் தெரியாது.