பொங்கல் சீரும் ஒரு வீடியோ காலும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூர்ல ஷிப்யார்ட்ல வேலை செய்யறேன், ஊரு கடலூர் பக்கம். தங்கச்சிய பாண்டியில கட்டிக் குடுத்திருக்கோம், இந்த வருஷம் அவளுக்கு தலைப்பொங்கல். இங்க தீபாவளிக்குத்தான் லீவு, பொங்கலுக்கு கிடையாது. அப்பா இல்ல, நான்தான் சீர் கொண்டு போகணும், போக முடியாம பணமா போட்டு விட்டேன். பொங்கல் அன்னைக்கு அம்மா வீடியோ கால் போட்டாங்க, எல்லாரும் பொங்கலோ பொங்கல்னு கத்தறாங்க, எனக்கு தொண்டை அடைச்சிகிச்சி, சிக்னல் இல்லன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். அடுத்த வருஷமும் லீவு சந்தேகம்தான். அன்னைக்கு போனையே ஆஃப் பண்ணி வச்சிடலாமான்னு இருக்கு.

(பெயர் வேண்டாம்)

தம்பி,

போனை ஆஃப் பண்ணாதீங்க. ஆனா பானை பொங்கற நேரத்துல கால் வேண்டாம். அப்ப வீட்டுல யாருக்கும் உங்ககிட்ட பேச நேரம் இருக்காது, அம்மா புகையில கண்ண கசக்கிகிட்டு விறக தள்ளிகிட்டு இருப்பாங்க, யாரோ ஒரு புள்ள ஈரக்கையால போனை புடிச்சிகிட்டு தெரியுதா தெரியுதான்னு கேக்கும், உங்களுக்கு பாதி பானையும் பாதி வானமும்தான் தெரியும். அவங்க எல்லாருக்கும் கையில ஒரு வேலை இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்ல, அதான் தொண்டை அடைக்குது. போகி அன்னைக்கு ராத்திரி கூப்பிடுங்க. இங்க எட்டு மணின்னா உங்களுக்கு பத்தரை. அம்மா மஞ்சக்கொத்த எடுத்து வச்சிகிட்டு, வாசல்ல கோலத்துக்கு கலர் பிரிச்சிகிட்டு இருப்பாங்க, வேலையும் நடக்கும் பேச்சும் நடக்கும், எந்த கோலம் போடலாம்னு உங்களையும் கேப்பாங்க.

சீர் விஷயத்துக்கு வரேன். பணம் போட்டது தப்பே இல்ல, ஆனா சீருன்னா பொருளா வாசல்ல வந்து எறங்கணும், அத மாமியார் வீட்டுல நாலு பேரு பாக்கணும், அதுல ஒரு பொண்ணுக்கு கௌரவம் இருக்கு, அத நான் சின்ன விஷயமா நினைக்கல. அடுத்த பொங்கலுக்கு மாமாவையோ சித்தப்பா பையனையோ இப்பவே கேட்டு வச்சிடுங்க. அவரு கடலூர் உழவர் சந்தைல நின்னுகிட்டு உங்களுக்கு கால் போடட்டும், பன்னீர் கரும்பு கட்ட பிரிச்சி காட்ட சொல்லுங்க, அடி பெருத்து கணு தள்ளித்தள்ளி தோகை பச்சையா இருக்கறத நீங்களே பாத்து எடுங்க. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, அவளுக்கு ஒரு புடவை. பாண்டிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தானே, காலையில கெளம்பினா மதியத்துக்குள்ள குடுத்துட்டு வந்துடலாம். யாரு கையில போனாலும் அது அண்ணன் எடுத்த கரும்புதான்.

பாண்டியில இது புதுசும் இல்ல. பிரான்ஸ்ல புள்ளைங்க இருக்கற வீடு அங்க எவ்வளவோ, சொல்தா குடும்பங்கள்லாம், அதான் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பங்கள்லாம், லெட்டர் காலத்துலேர்ந்தே இப்படித்தான் பண்டிகை பண்ணியிருக்காங்க. ஜனவரியில பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி, இங்க பானை பொங்கும்போது அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நீங்களும் அங்க பொங்கல் வைங்க. தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியா பக்கம், அந்த சமயத்துல கரும்பு பானை எல்லாம் விக்கறாங்க, தை பொறந்து வர்ற முதல் ஞாயித்துக்கிழமை ரூம்ல இருக்கறவங்கள சேத்துகிட்டு வச்சிடுங்க, வேற ஊர்க்காரங்க இருந்தாலும் கூப்பிடுங்க.

லீவ பத்தி ஒண்ணு. நம்ம பக்கம் பண்டிகை தை ஒண்ணோட முடியறதில்ல. தை அஞ்சு ஆத்துத் திருவிழா, பெண்ணையாத்துக்கு சுத்துப்பட்டு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், ஜனம் மணல்ல உக்காந்து கட்டுசோறு சாப்பிட்டு சுருளிக்கிழங்கு வாங்கிகிட்டு போவாங்க. அப்புறம் மாசி மகம், தேவனாம்பட்டினத்துலயும் பாண்டி வைத்திக்குப்பத்துலயும் சாமி கடலுக்கு வரும், மயிலம் முருகன் உட்பட. பொங்கலுக்கு லீவு கிடைக்கலன்னா சீனப் புத்தாண்டுக்கு உங்களுக்கு 2 நாள் லீவு வருதில்ல, அதோட சேத்து கேட்டு பாருங்க. அது ஜனவரி கடைசிலேர்ந்து பிப்ரவரிக்குள்ள வரும், சில வருஷம் மாசி மகமும் அதுலேர்ந்து ரெண்டு வாரத்துல வரும். தங்கச்சிய கடலூருக்கு வரச்சொல்லி எல்லாரும் சேந்து போங்க.

அம்மாகிட்ட உண்மைய சொல்லிடுங்க, சிக்னல் கதைய அவங்க நம்பியிருக்க மாட்டாங்க. தங்கச்சிக்கும் தனியா ஒரு கால் போடுங்க. அவளும் இந்த வருஷம்தான் முதல் தடவையா அம்மா இல்லாம பொங்கல் வச்சிருக்கா, புது வீட்டுல எல்லாரு முன்னாடியும் சிரிச்ச மூஞ்சியா நின்னிருப்பா, எப்படி இருந்துச்சின்னு அவள யாரும் கேட்டிருப்பாங்களான்னு தெரியல, நீங்க கேளுங்க.